பர்கூர் ‘ப’வா, பாலக்கோடு ‘ப’வா? கற்பனைப் பெயர்கள் தமிழ் வாயில் படும் பாடு

பர்கூரும் பாலக்கோடும் தொடங்குவது ஒரே பகரத்தில்தான். ஆனால் பர்கூர் என்னும்போது தொண்டை அதிரும், பாலக்கோடு என்னும்போது அதிராது. விரலைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பார்த்தால் தெரியும். பேரிகை, பாகலூர் முதல் வகை. பென்னாகரம், பாப்பாரப்பட்டி இரண்டாம் வகை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள் எவரும் இதில் தடுமாறுவதில்லை, ஏனென்றால் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே பெயர் காதில் விழுந்தாயிற்று. தெற்கேயிருந்து முதல் தடவை வருபவர் பஸ் பலகையில் ‘பாகலூர்’ என்று பார்த்தால் பாகற்காய்க்குப் போடும் ‘பா’வைத்தான் போடுவார். அவர் மேல் தப்பில்லை. பலகையில் அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மாயக்கதைகளில் வரும் பெயர்கள் எல்லாமே இப்படி யாரும் போயிராத ஊரின் பலகைகள். எழுத்தாளர் மனதில் ஒரு ஒலி இருக்கும், வாசகர் வாயில் இன்னொன்று வரும். ‘படிக்கத் தெரியவில்லை’ என்று வாசகரைக் குறை சொல்வது சுலபம். உண்மையில் தமிழ் எழுத்து சில இடங்களில் ஒலியைத் தானாகவே கட்டிப்போட்டுவிடுகிறது, சில இடங்களில் வாசகர் கையில் விட்டுவிடுகிறது. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் பெயரை எழுதுபவரும் மொழிபெயர்ப்பவரும் சத்தமாக வாசித்துக் காட்டுபவரும் பாதித் தொல்லையிலிருந்து தப்பிக்கலாம்.

முதலில், மௌனமாகப் படிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பலர் பெயரை முழுதாக ஒலித்துப் பார்ப்பதே இல்லை. முதல் எழுத்து, பெயரின் நீளம், நடுவில் கண்ணை உறுத்தும் ஒரு சுழி: ஆளை அடையாளம் கண்டுகொள்ள இவ்வளவு போதும். ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். பெயருக்கு மனதில் ஒலியே உருவாகவில்லை என்பது நண்பரிடம் கதையைச் சொல்லத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அப்போது வாய் ஏதோ ஒன்றைச் சொல்லும், அதுவே நிலைத்துவிடும்.

அப்படி நிலைத்தபின் திருத்துவது கடினம். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற தன் மூன்று பாக நாவலுக்கு உச்சரிப்பு விதிகளைத் தெளிவாகவே எழுதி வைத்தார். ஆனால் அவை மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் இருந்தன. முதல் பாகம் 1954 ஜூலையில் வந்தது, மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில். முதல் வாசகர்கள் பதினைந்து மாதங்களுக்கு அவரவர் விருப்பப்படி பெயர்களைச் சொல்லிப் பழகிய பிறகுதான் விதி கைக்கு வந்து சேர்ந்தது. அதே கதையில் சவுரோன், சாருமான் என்று இரண்டு வில்லன்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே இரண்டு எழுத்துகளில் தொடங்குபவை. 1978இல் ரால்ஃப் பக்ஷி எடுத்த அனிமேஷன் படத்தில் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக சாருமானைப் பல இடங்களில் ‘அருமான்’ ஆக்கிவிட்டார்கள். தமிழில் இதற்கு நிகரான கண்ணி கொம்பில் இருக்கிறது. கே, தே, பே மூன்றுக்கும் கண்ணில் முதலில் படுவது ஒரே இரட்டைக் கொம்பு. கேதரன், தேகரன் என்று இரண்டு ஆட்களை ஒரே அத்தியாயத்தில் நடமாடவிட்டால் வாசகர் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

எழுத்து கட்டும் இடமும் விட்டுவிடும் இடமும்

க, ச, ட, த, ப ஆகிய வல்லினங்கள் சொல்லின் தொடக்கத்தில் வரும்போது எழுத்து எந்தத் தகவலும் தருவதில்லை. தமிழ்ச் சொல்லானால் அதிராத ஒலி என்பது பொது வழக்கு. வந்த சொல்லானால் காது சொன்னபடி. டீயும் டாக்டரும் ஒரே ‘ட’, வாயில் வேறு வேறு. தருமபுரிக்கே எழுத்தில் இருப்பது வெறும் ‘த’. அதனால் டோல்கீனின் மந்திரவாதி பெயரை ‘கேண்டால்ஃப்’ என்று அச்சிட்டால், படத்தைப் பார்த்தவர் கேஸ் அடுப்பின் ‘கே’யைப் போடுவார், பார்க்காதவர் கேள்வியின் ‘கே’யைப் போடுவார். ‘போரோமிர்’ என்பதும் அப்படியே.

சொல்லின் நடுவில் நிலைமை மாறுகிறது. அங்கே தமிழ் எழுத்துக்கு உறுதியான விதி உண்டு: (சகரம் நீங்கலாக) தனித்து நின்றால் அதிரும், இரட்டித்தால் அதிராது, மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிரும். அதே கதையின் லெகோலஸ், அரகோர்ன், ஃப்ரோடோ என்று எழுதினால் அவற்றிலுள்ள கோ, கோ, டோ மூன்றும் யாரும் சொல்லித்தராமலே சரியாக வந்துவிடும். ‘டெனெதோர்’ என்று எழுதினால்தான் சிக்கல். அந்த ‘தோ’ ‘அதோ’வில் வருவது போல அதிர்ந்து ஒலிக்கும். டோல்கீன் கேட்பது அதிராத ஒலி. ‘டெனெத்தோர்’ என்று இரட்டித்தால் நெருங்கிவிடலாம். ஜப்பான் தலைநகரை ‘டோக்கியோ’ என்று எழுதுபவர்கள் செய்வதும் இதையேதான்.

இரண்டு இடங்களில் இந்த விதி வழுக்கும். ஒன்று, ‘ல்’லுக்குப் பின்னால். கல்பனாவில் ‘ப’ அதிராது, ஆல்பத்தில் அதிரும். ஆகவே ‘பில்போ’ என்ற மூன்றெழுத்துப் பெயரை நான்கு விதமாகப் படிக்கலாம். மற்றொன்று, மெல்லினத்துக்குப் பின் அதிராத ஒலி வேண்டும் என்று எழுத்தாளர் பிடிவாதம் பிடிக்கும்போது. ண்டவுக்குப் பதில் ‘ன்ட’ போட்டு ‘இன்டர்நெட்’ மாதிரி ஒப்பேற்றலாம், அதையும் பாதிப் பேர் ‘ண்ட’ என்றே படிப்பார்கள். ம்ப, ங்க ஆகியவற்றுக்கு அந்த வழியும் கிடையாது. அப்படிப்பட்ட பெயரை மாற்றிவிடுவதுதான் நல்லது.

இரட்டிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஓர் அரக்கனுக்கு ‘பகதோன்’ என்று பெயர் வைப்பதாகக் கொள்வோம். எழுத்தாளர் மனதில் இருப்பது, முதல் எழுத்து பஸ்ஸின் ‘ப’ போல அதிர வேண்டும், அடுத்த இரண்டும் அதிரக்கூடாது என்பது. எழுத்தைப் பார்த்தவர் படிப்பதோ நேர் எதிர்: முதல் எழுத்து அதிராது, நடுவிலுள்ளவை அதிரும். பகல், பகடி, பகை என்று தெரிந்த சொற்கள் எல்லாம் அந்தப் பக்கமாகவே இழுக்கும். சரி, இரட்டிக்கலாம் என்றால் ‘பக்கத்தோன்’ என்று வரும். அரக்கன் பக்கத்து வீட்டுக்காரன் ஆகிவிடுவான். முதல் எழுத்தை நெட்டெழுத்தாக்கினால் ‘பாக்கத்தோன்’, அதாவது ஏதோ ஒரு பாக்கத்து ஆள். இந்தப் பெயரை இனி எதைக் கொண்டும் காப்பாற்ற முடியாது. ‘வக்கத்தோன்’ ஆக்கலாமா என்று யோசிப்பவர் அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். குறில் நெடில் மாறினாலும் இதே ஆபத்து: டோல்கீனின் குள்ளர்களில் ஒருவனுக்கு ஆங்கில எழுத்தில் முதல் உயிருக்கு மேலே ஒரு கீற்று உண்டு. அது நெடில் குறி. அதைக் கவனித்தால் ‘கீலி’, கவனிக்காமல் விட்டால் ‘கிலி’.

குறில் நெடில் விஷயத்தில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிட எவ்வளவோ மேல். ஆங்கிலத்தில் கீற்றுப் போட்டுச் சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுத்தே சொல்லிவிடும். தடை எங்கே என்றால், பெயரைத் தமிழில் எழுதுபவர் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்து எழுதும்போது. டோல்கீன் எல்ஃப் என்ற கற்பனைக் குலத்துக்காகப் படைத்த மொழிகளின் பெயர்களில் ஆங்கில ‘சி’ (C) எழுத்து எப்போதும் ககர ஒலிதான், சகரம் இல்லை. ஆகவே ‘செலபார்ன்’ தவறு, ‘கெலெபோர்ன்’ சரி. அசை அழுத்தத்துக்கும் விதி வைத்திருக்கிறார்: கடைசிக்கு முந்தைய அசை நெடிலாகவோ கூட்டுயிராகவோ இருந்தாலும், அதன் பின்னால் இரண்டு மெய்கள் வந்தாலும் அழுத்தம் அங்கே, இல்லையென்றால் அதற்கும் முந்தைய அசையில். இஸில்டுர் என்பதில் ‘ஸில்’, டெனெத்தோரில் ‘டெ’. தமிழ் வாய் எல்லா அசைகளையும் கிட்டத்தட்டச் சமமாகச் சொல்லும் என்பதால் இது நமக்குப் பெரிய பாதிப்பு இல்லை. மெனக்கெடவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஔகாரம். அச்சில் ‘ஸ்மௌக்’ (டோல்கீனின் டிராகன்) என்பதில் உள்ள ஔகாரத்தின் கடைசிக் குறி, ளகரத்திலிருந்து வேறுபடுத்த முடியாத உருவம். கொம்பும் ளகரமும் தனித்தனியே என்று நினைத்து ‘ஸ்மெளக்’ என்று படிப்பவர் உண்டு. தெரிந்த சொல்லானால் மனது தானே திருத்திக்கொள்ளும், புதுப் பெயரில் அது நடக்காது. ‘கவுதமன்’ என்று எழுதுவது போல ‘ஸ்மவுக்’, ‘சவுரோன்’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

வாய் தானாகச் செய்யும் திருத்தங்கள்

‘ஹ’ இந்த மண்ணில் எப்படித் தேயும் என்பதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டாம். ஆங்கிலப் பலகையில் ‘ஹெச்’ போட்டிருக்கும் ஊர் தமிழில் ஒகேனக்கல். மாரண்டஹள்ளி, மாரண்டஅள்ளி இரண்டும் ஓடுகின்றன. ஹாரி பாட்டர் கதையின் ஹெர்மையனி இங்கே எர்மையனி ஆவதில் வியப்பில்லை. (2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டதும், எழுந்த சலசலப்பில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். எழுத்தைப் பின்பற்றுவதா, காதைப் பின்பற்றுவதா என்பது நிஜ ஊர்களுக்கே தீராத வழக்கு.)

சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் வாய் நடுவில் ஓர் உயிரைச் செருகும், அல்லது முன்னால் ஓர் இகரத்தை வைக்கும். திரௌபதி நம் பக்கத்துக் கோயில்களில் துரோபதை. ஸ்கூல் பேச்சில் இஸ்கூல். சொல் வல்லின மெய்யில் முடிந்தால் இறுதியில் உகரம் ஒட்டிக்கொள்ளும். ஆக, ஆங்கிலத்தில் ஒரே அசையான ஸ்மவுக் இங்கே ‘சுமவுக்கு’ என்று நான்காக நீளலாம். ‘ஃப’வை வெறும் பகரமாகச் சொல்வதும் இதே வகை.

இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. கம்பன் செய்தது இதைத்தான். லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான், ஹனுமான் அனுமன் ஆனான், இந்திரஜித் இந்திரசித்து ஆனான். வாய் எங்கே போகும் என்று பார்த்து, அந்த இடத்திலேயே எழுத்தை வைத்தான். மொழிபெயர்ப்பவருக்கு இரண்டு வழி உண்டு. கிரந்தமும் ஆய்தமும் போட்டு மூல ஒலியை விடாமல் பிடிப்பது ஒன்று, கம்பன் வழி மற்றொன்று. பக்கத்துக்குப் பத்து முறை வரும் முக்கியப் பாத்திரத்துக்குக் கம்பன் வழியே மேல். எப்போதோ ஒருமுறை வந்துபோகும் ஆளுக்கு எந்த வழியானாலும் ஒன்றுதான்.

தமிழிலேயே புதுப் பெயர் புனைபவர்கள் ழகரத்தில் மயங்குவது உண்டு. ‘ழ’ போட்டால் பழமை வந்துவிடும் என்று நம்பிக்கை. இந்த மாவட்டங்களில் பேச்சில் ழகரம் பலருக்கு ளகரத்தோடு கலந்துவிடும். தெலுங்கும் கன்னடமும் பேசும் ஓசூர், தளி, சூளகிரிப் பக்கத்தில் அது இன்னும் உறுதி, அந்த இரண்டு மொழிகளிலும் இன்று அந்த ஒலி வழக்கில் இல்லை. ஆகவே ‘ஆழி’யும் ‘ஆளி’யும் இரண்டு எதிரெதிர்ப் படைகள் என்று கதை வைத்தால் கண்ணால் படிப்பவருக்கு மட்டுமே போர் நடக்கும். ற, ர வேறுபாட்டில் நிற்கும் பெயர்களுக்கும் இதே கதி.

ஆனால் ஓசூர்ப் பக்கத்து வாசகருக்கு ஒரு வசதி உண்டு. தெலுங்கு, கன்னட எழுத்துகளில் அதிரும் ககரத்துக்கும் அதிராத ககரத்துக்கும் தனித்தனி வடிவங்கள். அந்த எழுத்தில் படித்து வளர்ந்தவர் ஒரு பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் அந்தக் குறிப்பில் சந்தேகமே இருக்காது. கிருஷ்ணகிரியில் உருது பேசுபவர்களுக்கு ‘குதா’ என்ற சொல்லின் முதலில் வரும் தொண்டை உரசல் இயல்பாகவே வரும். அது தமிழ் எழுத்துக்குப் பிடிபடாத ஒலி. பள்ளியிலோ நூலகத்திலோ கூட்டு வாசிப்பு நடத்துபவர்கள் இப்படிப்பட்டவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

யார் சொல்வது சரி?

அந்தத் தொண்டை உரசல் வரும் பெயர் ஒன்று உலகம் முழுக்கப் பிரபலம்: கலீஸி. 2011இல் தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்காக டோத்ராக்கி மொழியை உருவாக்கிய டேவிட் பீட்டர்சன் கணக்குப்படி, முதல் அசையில் அழுத்தம் விழ வேண்டும், நடு அசை ‘லே’. தொடரில் நடிகர்கள் சொன்னது ‘க-லீ-ஸி’. நிலைத்தது நடிகர்கள் சொன்னதுதான். மொழியை உண்டாக்கியவரே தோற்ற வழக்கு இது. ‘க்துலு’ என்ற அரக்கனைப் படைத்த லவ்கிராஃப்ட் இன்னொரு கோடி. அது மனிதரல்லாத வாய்க்கான சொல், மனித எழுத்தில் அதைப் பிடிக்க முயன்றிருக்கிறோம், அவ்வளவே என்று 1934இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். அந்தப் பெயரை வாசகர் எப்படிச் சொன்னாலும் எழுத்தாளர் கோபித்துக்கொள்ள முடியாது.

எழுத்தாளரின் ஒலி கட்டாயம் காப்பாற்றப்பட வேண்டிய இடங்கள் சிலவே. கதைக்குள் பாட்டு வந்து, அதில் பெயருக்கு எதுகை போட்டிருந்தால். இரண்டு பெயர்கள் ஒரே குலத்தவை என்று ஒலியால் தெரிய வேண்டியிருந்தால். ஒரு பெயரைத் தவறாகச் சொல்வதே கதைத் திருப்பமாக இருந்தால். மற்ற இடங்களில் வாசகர் போக்கில் விடலாம்.

காப்பாற்ற வேண்டுமானால் அதைக் கதைக்குள்ளேயே செய்வது பின்னிணைப்பைவிட நூறு மடங்கு பயன்தரும். ஹெர்மையனி புதிதாகப் புனைந்த பெயர்கூட அல்ல, பழைய கிரேக்கப் பெயர். இருந்தும் ஆங்கில வாசகர்களே அதைப் பலவிதமாகக் குதறினார்கள். 2000இல் வந்த ஹாரி பாட்டர் நான்காம் பாகத்தில், வேற்று நாட்டு மாணவன் ஒருவன் அதைத் தப்பாகச் சொல்ல, அவள் அசை அசையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை ரௌலிங் வைத்தார். நம் தெருக்கூத்தில் இது பழைய ஏற்பாடு. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் இருந்து விருத்தம் பாடி வருவார், கட்டியங்காரன் ‘ஆரய்யா நீர்?’ என்று கேட்டு அவர் வாயாலேயே பெயரையும் ஊரையும் வரவழைப்பான். துரோபதையம்மன் கோயில் பாரதம் பதினெட்டு நாள் ஓடி முடிவதற்குள் துச்சாதனன், அசுவத்தாமன் எல்லாம் பிள்ளைகள் வாய்க்குப் பழகிவிடும். பிறகு அதே பெயர்களைப் புத்தகத்தில் பார்க்கும்போது எழுத்துக் கூட்டவே வேண்டியிருக்காது.

உருபு ஏறும்போது

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. பெயர் தனியாக நிற்பதே அபூர்வம். ஐ, கு, ஆல், இடம் என்று ஏதாவது ஒன்று ஏறிக்கொள்ளும், ஏறும்போது ஒலியும் மாறும். மூலத்தில் ஸ்மவுக்கின் கடைசி ஒலி அதிரும் ககரம். தமிழில் ‘ஸ்மவுக்’ என்று தனியாக எழுதினால் அதிராது. ‘ஸ்மவுகை’ என்றால் அதிரும். ‘பைக்கை’ என்று எழுதும் பழக்கத்தில் ‘ஸ்மவுக்கை’ என்று போட்டால் மறுபடி அதிராது. ஒரே பக்கத்தில் ஒரே டிராகனுக்கு இரண்டு பெயர். பழைய முறைப்படி முடிவில் உகரம் சேர்த்து ‘ஸ்மவுகு’ என்று வைத்துக்கொண்டால் ஸ்மவுகை, ஸ்மவுகால், ஸ்மவுகின் என எந்த உருபு வந்தாலும் ஒலி மாறாது. இந்திரசித்து என்பதன் கடைசி உகரமும் இப்படி உதவுவதுதான்.

டு, று என்று முடியும் பெயர்களைத் தவிர்க்கலாம். ‘வெகாடு’ என்று வைத்தால் நாடு நாட்டை ஆவது போல ‘வெகாட்டை’ என்று வரும், ஒலியும் வடிவும் இரண்டுமே மாறிப்போகும். ம் என்று முடிந்தால் ‘த்தை’ வந்து ஒட்டும். ன், ர், ல் ஆகியவற்றிலோ ஆ, ஓ ஆகியவற்றிலோ முடியும் பெயர்கள் தொந்தரவு தராதவை. ஆனால் ‘ன்’ என்று முடித்தால் தமிழ் வாசகர் ஆண் என்று எடுத்துக்கொள்வார். டோல்கீனின் எயோவின் ஒரு பெண். வினைமுற்றில் ‘ஆள்’ வரும்வரை அவளை வீரன் என்றே பலரும் நினைப்பார்கள்.

இதனால் ஒரு சின்ன ஒழுங்கு: பெயர் முதன்முதலில் வரும் வாக்கியத்தில் அது எழுவாயாக, உருபு இல்லாமல் நிற்கட்டும். ‘வெகாட்டையும் அழைத்து வந்தார்கள்’ என்று அறிமுகம் செய்தால் ஆளின் பெயர் வெகாடா, வெகாட்டா, வெகாட்டையா என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை. முதல் வருகையில் பெயர் வரி முடிவில் இரண்டாக உடையாமலிருக்கிறதா என்று பக்க வடிவமைப்பவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் பிரதியைச் சோதிக்கும் முறை எளிது. கதையை அறியாத மூன்று பேரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, மொபைலில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் எழுதியவர் அந்தப் பெயரைத் தன் வாயால் ஒருமுறைகூடச் சொல்லிவிடக்கூடாது, சொன்னால் சோதனை அங்கேயே கெட்டது. மூவரும் ஒரே மாதிரித் தவறாகப் படித்தால் எழுத்துக்கூட்டலை மாற்றினால் போதும். மூவரும் மூன்று விதமாகப் படித்தால் பெயரையே மாற்ற வேண்டும். மூவரும் அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் தாவிச் சென்றால் பெயர் மிக நீளம்.

சத்தமாக வாசிப்பவருக்குக் கொடுக்கும் பட்டியலில், சுலோகப் புத்தகங்களில் அச்சிடும் எண்முறையைப் பயன்படுத்தலாம். கோ³விந்த³, ப³லராமன் என்று எழுத்தின் தோளில் 3 போட்டால் அதிரும் ஒலி, எண் இல்லையென்றால் அதிராதது. பி³ல்போ³, கே³ண்டா³ல்ஃப், போ³ரோமிர் என்று எழுதினால் சந்தேகம் நீங்கியது. கதைப் பக்கங்களில் இந்த எண்கள் வேண்டாம், கண்ணை உறுத்தும். லெகோலஸ் போலத் தமிழ் விதியே பார்த்துக்கொள்ளும் பெயர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.